ஸ்பீடு பிரேக்கரில் ‘டக் டக்’ சத்தமா? உங்க காரின் சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்திருக்கலாம்! கண்டுபிடிப்பது எப்படி, மாற்றும்போது எதைக் கவனிக்கணும்? முழு விளக்கம்

ஆருத்ரா தரிசனத்துக்கு கடலூரில் இருந்து சிதம்பரம் கிளம்புது ஒரு குடும்பம்னு வச்சுக்கோங்க. காரில் 5 பேர், டிக்கி நிறைய பை. மஞ்சக்குப்பத்தைத் தாண்டும்போது ஒண்ணும் தெரியல. ஆனா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் முன்பக்கம் கீழே இருந்து ‘டக்’னு ஒரு சத்தம். திடீர்னு குறுக்கே வந்த பைக்குக்காக பிரேக் அடிச்சா, ஸ்டியரிங் லேசா இடது பக்கம் இழுக்குது. “ரோடு சரியில்ல” என்கிறார் ஓட்டுபவர். “ஷாக் போயிருக்கும்” என்கிறார் பின் சீட்டில் இருக்கும் மாமா.

ரெண்டுமே காரணமாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் யோசிக்காத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் துண்டு. மெக்கானிக்குகள் அதை ‘புஷ்’ என்கிறார்கள். அது கிழிந்தால் சத்தம் மட்டுமா வரும்? டயர் தேயும், பிரேக் பிடிக்கும்போது கார் நேராக நிற்காது, அவசரத்தில் கட்டுப்பாடும் குறையும்.

இந்த புஷ் என்பது என்ன, ஏன் கெட்டுப்போகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, மாற்றும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புஷ் என்றால் என்ன?

காரின் சக்கரம் நேரடியாக பாடியோடு இணைக்கப்படுவதில்லை. நடுவில் சில இரும்புக் கைகள் இருக்கும். முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கைக்கு ‘லோயர் ஆர்ம்’ என்று பெயர். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இந்தக் கையும் மேலும் கீழும் அசையணும். ஆனால் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆடக் கூடாது.

இரும்போடு இரும்பை நேரடியாகப் பூட்டினால் ஒவ்வொரு கல்லும் காருக்குள் இடியாகக் கேட்கும். அதனால்தான் கை பாடியோடு சேரும் இடத்தில் புஷ் வைக்கிறார்கள். உள்ளே ஒரு சின்ன இரும்புக் குழாய், வெளியே ஒரு பெரிய இரும்புக் குழாய், ரெண்டுக்கும் நடுவில் கெட்டியாக ஒட்டப்பட்ட ரப்பர். இவ்வளவுதான் அதன் அமைப்பு.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. உள் குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். அது சுற்றவே சுற்றாது. கை மேலும் கீழும் போகும்போது நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, மறுபடியும் பழைய நிலைக்கு வருகிறது. ஈரத் துண்டை ரெண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கி விடுவது மாதிரி. கடலூரில் இருந்து சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் இந்த முறுக்கு எத்தனை ஆயிரம் தடவை நடக்கும் என்று நினைத்துப் பாருங்க. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வச்சுக்கோங்க. புது புஷ் ஏன் சில மாதத்திலேயே கிழிகிறது என்ற கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கு.

எங்கெங்கே இருக்கிறது?

ஸ்விஃப்ட், டிசையர், ஐ10 போல நம்ம ஊரில் அதிகம் ஓடும் பெரும்பாலான குடும்பக் கார்களில் முன்பக்கம் ‘மெக்பெர்சன் ஸ்ட்ரட்’ அமைப்புதான். பின்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் இணைக்கும் ‘டார்ஷன் பீம்’ என்ற ஒரே உத்தரம். இந்த அமைப்பில் முக்கியமான புஷ்கள் இவை:

• லோயர் ஆர்ம் முன் புஷ்: திருப்பங்களில் வரும் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவது.

• லோயர் ஆர்ம் பின் புஷ்: அளவில் பெரியது. பிரேக் அடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் சக்கரம் பின்னால் தள்ளப்படும் விசையைத் தாங்குவது. பல கார்களில் முதலில் கிழிவது இதுதான்.

• ஸ்டெபிலைசர் பார் புஷ்: திருப்பத்தில் கார் ஒருபக்கமாகச் சாயாமல் தடுக்கும் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர்.

• பின்பக்க பீம் புஷ்: பின் உத்தரத்தை பாடியோடு இணைப்பது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

கடலூர் பக்கம் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

புஷ்ஷின் ஆயுள் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரே கணக்கு சொல்ல முடியாது. ரோடு, பாரம், வெயில், ஓட்டும் விதம் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். கடலூர் – சிதம்பரம் பாதையில் இந்த நான்குமே கொஞ்சம் கூடுதல்.

தூரம்: கடலூரில் இருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. வேலைக்காக தினமும் போய்வருபவருக்கு 90 கி.மீ. மாதம் 25 நாள் என்றால் 2,250 கி.மீ. வருடத்துக்கு 27,000 கி.மீ. நாலே வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிடும். “கார் வாங்கி நாலு வருஷம்தானே ஆச்சு” என்ற கணக்கு இங்கே செல்லாது.

ரோடு: முன்பு 45ஏ என்று அழைக்கப்பட்டு, இப்போது தேசிய நெடுஞ்சாலை 32-ன் பகுதியாக இருக்கும் இந்தச் சாலையில் சிப்காட் லாரி, கரும்பு டிராக்டர், வெளியூர் பஸ் எல்லாமே ஓடும். விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிப் பணி வந்ததும் வேகம் கூடியிருக்கு. ஆனா நெடுஞ்சாலையில் இருந்து ஊருக்குள் திரும்பினால் அதே பள்ளம், அதே வேகத்தடை. வேகமாக வந்து பள்ளத்தில் இறங்குவதுதான் புஷ்ஷுக்கு மிக மோசமான அடி.

உப்புக்காற்று: தேவனாம்பட்டினத்தில் இருந்து பரங்கிப்பேட்டை வரை கடலோரம்தான். உப்பு, ரப்பரை நேரடியாகத் தின்பதில்லை. ஆனால் ரப்பரைப் பிடித்திருக்கும் இரும்புக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வந்தால் ரப்பர் இரும்பில் இருந்து உரிந்து வரும். போல்ட்டும் உள் குழாயும் துருவால் ஒட்டிக்கொண்டால், மாற்றும்போது போல்ட்டை அறுத்துத்தான் எடுக்கணும்.

வெள்ளம்: தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் என்று ஆறுகள் கடலில் கலக்கும் மாவட்டம் இது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் என்று தண்ணீர் பார்த்த ஊர். வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்ஜின், சீட், மின் ஒயர் எல்லாம் பார்ப்பார்கள். அடிப்பக்கம் சேற்றோடு நின்ற ஆர்ம்களை யாரும் கழுவுவதில்லை. அந்தச் சேறும் மணலும் இடுக்குகளில் தங்கி, ரப்பரை அரத்தால் தேய்ப்பது போலத் தேய்க்கும்.

வெயில்: ரப்பருக்கு வெப்பமும் காற்றில் இருக்கும் ஓசோனும் எதிரிகள். நாள்பட்ட ரப்பர் இறுகி, மேலே நுண்ணிய வெடிப்பு விடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறைக்கு சார்லஸ் குட்இயர் 1844-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய புஷ்களின் ரப்பருக்கும் அடிப்படை அதே முறைதான். எவ்வளவு உறுதியாக்கினாலும் ரப்பருக்கு வயசாகும் என்பது மட்டும் மாறவில்லை.

தேய்ந்திருப்பது எப்படித் தெரியும்?

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிச்சிடலாம்.

• ஸ்பீடு பிரேக்கரிலும், பிரேக் பிடிக்கும்போதும் கனமான ‘டக்’ ஒரே ஒருமுறை கேட்டால்: லோயர் ஆர்ம் புஷ் மீது சந்தேகம்.

• சின்னச் சின்ன கல் ரோட்டில் ‘லொட லொட’ என்று தொடர்ந்து கேட்டால்: பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு.

• மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்றால்: ஸ்டெபிலைசர் பார் புஷ் காய்ந்திருக்கலாம்.

• வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கை முழுசா திருப்பினால் ‘டொங்’ என்று மேலே இருந்து கேட்டால்: ஸ்ட்ரட் மவுண்ட் அல்லது அதன் பேரிங்.

• லேன் மாறும்போது பின்பக்கம் தனியாக ஆடுவது போல இருந்தால்: பின் பீம் புஷ்.

சத்தமே இல்லாமலும் புஷ் கெட்டிருக்கலாம். அப்போது காட்டிக்கொடுப்பது டயரும் ஸ்டியரிங்கும்தான். டயரின் மேல்பகுதியில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்க. ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி கூராகவும் இருந்தால், சக்கரம் நேராக உருளவில்லை என்று அர்த்தம். வீல் அலைன்மென்ட் செய்த சில வாரத்திலேயே மறுபடியும் கார் ஒருபக்கம் இழுக்கிறது என்றால், அலைன்மென்ட் செய்த கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் புஷ்களைப் பார்க்கச் சொல்லுங்க. அளவு எடுக்கும்போது ஒரு இடத்திலும், ஓடும்போது வேறு இடத்திலும் சக்கரம் நின்றால் எந்த அலைன்மென்ட்டும் நிற்காது.

இது வெறும் சத்தப் பிரச்சனையா?

இல்லை. ரெண்டு எளிய கணக்கைப் பார்த்தாலே புரியும்.

முதல் கணக்கு, பிரேக். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோட்டில் அவசரமாக பிரேக் அடித்தால், காரின் எடையில் சுமார் 80 சதவீத அளவுக்கு விசை ரோட்டில் இருந்து டயர்களைப் பின்னோக்கித் தள்ளும். அதில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது என்று கொண்டால், ஒவ்வொரு முன்சக்கரத்தின் மீதும் சுமார் 280 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. இதைத் தாங்கி சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்த வேண்டியது லோயர் ஆர்ம் புஷ்கள்தான். ஒரு பக்கம் ரப்பர் நன்றாக இருந்து, மறுபக்கம் கிழிந்திருந்தால், ஒரு சக்கரம் மட்டும் பின்னால் நகர்ந்து திசை மாறும். கார் அந்தப் பக்கம் இழுக்கும். மழையில் நனைந்த ரோட்டில், எதிரே பஸ் வரும்போது இந்த இழுப்பு நடந்தால் என்ன ஆகும்?

இரண்டாவது கணக்கு, டயர். ஒரு சக்கரம் 1 டிகிரி மட்டும் திசை மாறி நின்றாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். கடலூரில் இருந்து சிதம்பரம் போவதற்குள் அந்த டயரை முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் தேய்த்து இழுத்தது மாதிரி. புது டயர் வாங்கும் காசோடு ஒப்பிட்டால் புஷ் செலவு எது, எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். கார் டயரில் குறைந்தது 1.6 மி.மீ. பள்ளக்கோடு இருக்கணும் என்பது விதி. சீரற்ற தேய்மானத்தில் நடுப்பகுதி புதுசு போலத் தெரியும்போதே உள்விளிம்பு இந்த அளவைத் தாண்டி வழுக்கையாகிவிடும். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

மெக்கானிக் எப்படிச் சரிபார்க்கணும்?

நல்ல மெக்கானிக் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு சொல்ல மாட்டார். முதலில் ஓட்டிப் பார்ப்பார். பிறகு காரை லிஃப்ட்டில் ஏற்றி, ஒரு நீளமான கம்பியை ஆர்முக்கும் பிரேமுக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக நெம்புவார். ரப்பர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பது சரி. ஆனால் ‘கடக்’ என்று தளர்வாக நகர்ந்தாலோ, ரப்பர் இரும்பில் இருந்து பிரிந்து இடைவெளி தெரிந்தாலோ மாற்றணும்.

இங்கே ரெண்டு குழப்பம் வரும்.

ஒன்று, மேலே தெரியும் நுண்ணிய வெடிப்பு. பழைய ரப்பரில் மேல்தோலில் இப்படி வருவது சகஜம். அது மட்டுமே மாற்றக் காரணம் ஆகாது. வெடிப்பு ஆழமாக உள்ளே போய், நெம்பும்போது வாய் திறந்தால்தான் பிரச்சனை.

ரெண்டாவது, சில பின் புஷ்களில் ரப்பருக்குள் பிறை வடிவில் துளை இருக்கும். அது கிழிசல் அல்ல. ஒரு திசையில் மென்மையாகவும், இன்னொரு திசையில் கடினமாகவும் இருக்கணும் என்று தயாரிக்கும்போதே விட்ட இடைவெளி. “பாருங்க சார், கிழிஞ்சிருச்சு” என்று இதைக் காட்டினால், கிழிந்த விளிம்பு எங்கே என்று கேளுங்க. துளையின் ஓரம் வழுவழுப்பாக, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது கம்பெனி வைத்த துளை.

அதேபோல ஆர்மின் முனையில் இருக்கும் ‘பால் ஜாயிண்ட்’டையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்க. புஷ் கிழிந்தால் கார் தடுமாறும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். அதில் ஆட்டம் இருந்தால் “அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

புஷ் மட்டும் போதுமா, முழு ஆர்ம் மாற்றணுமா?

இது காரைப் பொறுத்தது. சில மாடல்களுக்கு புஷ் தனியாகக் கிடைக்கும். சிலவற்றில் பால் ஜாயிண்ட், புஷ் எல்லாம் சேர்ந்த முழு ஆர்மாகத்தான் தருவார்கள்.

பால் ஜாயிண்ட் நன்றாக இருக்கு, ஆர்ம் நெளியவில்லை, துருவும் அதிகம் இல்லை என்றால் புஷ் மட்டும் மாற்றினால் போதும். பால் ஜாயிண்ட்டிலும் ஆட்டம் இருக்கு, ஆர்மும் துருவேறிக் கிடக்கு என்றால் முழு ஆர்ம் மாற்றுவதே லாபம். காரணம், புஷ்ஷை அழுத்தி எடுத்து அழுத்திப் போடும் கூலி மிச்சம். ரெண்டு தடவை கழற்றும் வேலையும் மிச்சம்.

எதுவானாலும் இடது, வலது ரெண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. ரெண்டு பக்கமும் ஒரே கிலோமீட்டர் ஓடியவை. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பிரேக்கில் மறுபடியும் இழுப்பு வரலாம்.

மாற்றும் வேலை எப்படி நடக்கும்? எங்கே தவறுவார்கள்?

இது வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல. ஆனால் பட்டறையில் நின்று பார்ப்பவருக்கு எந்தக் கட்டத்தில் எதைக் கவனிக்கணும் என்று தெரிந்திருந்தால் நல்லது.

1. தூக்குவது: லிஃப்ட் இல்லாத இடத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கினால், உடனே பாடிக்குக் கீழே ஸ்டாண்டு கொடுக்கணும். பின்சக்கரத்துக்குக் கல் வைக்கணும். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி நழுவினால் உயிர் போகும்.

2. கழற்றுவது: சக்கரம், பால் ஜாயிண்ட், பிறகு ஆர்ம் போல்ட்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதலில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து நேரம் கொடுக்கணும். அவசரப்பட்டுத் திருகினால் போல்ட் முறியும். பிரேமுக்குள் இருக்கும் நட்டும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் வேலை ரெண்டு மடங்காகும்.

3. பழைய புஷ்ஷை எடுப்பது: ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி எடுப்பதுதான் சரி. சில இடங்களில் ரப்பரைத் தீ வைத்து எரித்து எடுப்பார்கள். அந்தப் புகை நச்சு. சூட்டில் ஆர்மின் பெயிண்ட் போய் துரு வேகமாகும். ஆர்ம் அலுமினியமாக இருந்தால் அதன் உறுதியே குறையும். எடுப்பதற்கு முன் பழைய புஷ் எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று ஆர்மில் அடையாளம் போடணும்.

4. புதுசு போடுவது: துளை உள்ள புஷ் என்றால் அடையாளம் போட்ட அதே கோணத்தில் போகணும். கோணம் மாறினால் மென்மையாக இருக்க வேண்டிய இடம் கடினமாகி, புஷ் சீக்கிரம் கிழியும். அழுத்தும்போது வெளி இரும்பு வளையத்தின் மீது மட்டும் அழுத்தம் விழணும். நடுக்குழாயையோ ரப்பரையோ அழுத்தினால், போடும்போதே புஷ் பாதி செத்துப்போகும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இப்படித்தான்.

5. கடைசி இறுக்கம்: மிக முக்கியமான கட்டம் இது. அடிக்கடி தவறுவதும் இதில்தான். கார் தொங்கும்போது சக்கரம் கீழே இறங்கி நிற்கும், ஆர்மும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுசா இறுக்கிவிட்டால், உள் குழாய் அந்தக் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். காரைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே வரும். ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். நிறுத்தி வைத்திருந்தால்கூட அந்த முறுக்கு விடாது. அதன் மேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் முறுக்கும். அதனால்தான் சிலருக்கு புது புஷ் சில மாதத்திலேயே போகிறது. “பார்ட்ஸ் சரியில்ல” என்று பழி கடைக்குப் போகும்.

சரியான முறை இதுதான்: போல்ட்களைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் பூட்டணும். பிறகு காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில், அல்லது ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கணும்.

6. வீல் அலைன்மென்ட்: ஆர்மைக் கழற்றி மாட்டியதும் சக்கரத்தின் கோணம் மாறியிருக்கும். சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு அலைன்மென்ட் செய்யணும். அதைச் செய்யாமல் விட்டால், எந்த டயரைக் காப்பாற்ற புஷ் மாற்றினீர்களோ அதே டயர் தேயும்.

கிரீஸ் அடிச்சா சரியாகிடுமா?

ஆகாது. இந்தப் பழக்கம் அம்பாசடர் காலத்தில் இருந்து வந்தது. அந்தக் காரின் முன்பக்க இணைப்புகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். தவறாமல் கிரீஸ் அடித்தால்தான் வண்டி ஓடும். 2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனால் “சத்தம் வந்தா கிரீஸ் அடி” என்ற பழக்கம் நிற்கவில்லை.

இன்றைய ரப்பர் புஷ் வழுக்கி ஓடும் பொருள் அல்ல, முறுக்கி மீளும் பொருள். பெட்ரோலிய கிரீஸும் டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் ரப்பரை ஊறவைத்து வீங்கச் செய்யும். சத்தம் சில நாள் அடங்கும். ரப்பர் அதைவிட வேகமாக அழியும். அண்டர்பாடிக்கு டீசல் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திடுங்க. இன்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் கசிந்து புஷ் மேல் சொட்டினால், முதலில் கசிவைச் சரிசெய்யணும். இல்லைன்னா புது புஷ்ஷும் ஊறிப்போகும்.

டியூப் ரப்பரை வெட்டி இடைவெளியில் திணிப்பதும், வாஷர் போட்டு ஆட்டத்தைக் குறைப்பதும் அப்படித்தான். சத்தம் மறையும், ஆபத்து மறையாது. சத்தம் இருந்தாலாவது எச்சரிக்கையாக ஓட்டுவீர்கள்.

காசு விஷயத்தில் ஏமாறாமல் இருக்க என்ன செய்யணும்?

செலவு மூன்று பகுதி: பார்ட்ஸ், கூலி, அலைன்மென்ட். மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்க. வேலைக்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்:

• எந்தப் பக்கம், எந்த புஷ் கெட்டிருக்கு? நெம்பிக் காட்ட முடியுமா?

• புஷ் தனியாகக் கிடைக்குமா, முழு ஆர்ம்தானா?

• போடப்போவது கம்பெனி பார்ட்ஸா, வேறு பிராண்டா? பாக்கெட்டைப் பார்க்கலாமா?

• பிரஸ் வசதி இங்கேயே இருக்கா, லேத்து பட்டறைக்கு அனுப்புவீங்களா?

• கடைசி இறுக்கம் காரைக் கீழே இறக்கிய நிலையில் செய்வீங்களா?

கடைசிக் கேள்விக்கு “ஆமா சார், வெயிட்ல வச்சுதான் டைட் பண்ணுவோம்” என்று தயங்காமல் பதில் வந்தால், சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க. வேலை முடிந்ததும் பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

பில் இல்லாமல் போகாதீங்க. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பழைய 28 சதவீதக் கணக்கில் விலை சொன்னால் கேள்வி கேளுங்க. பில் இருந்தால்தான் பின்னால் பிரச்சனை வந்தாலும் பேச முடியும். போடாத பார்ட்ஸுக்குக் காசு வாங்குவது, அரைகுறை வேலை போன்ற புகார்களுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம்.

இன்சூரன்ஸில் கேட்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. இயல்பான தேய்மானத்துக்கு வாகன இன்சூரன்ஸ் பணம் தராது. பள்ளத்தில் விழுந்தோ, விபத்திலோ ஆர்ம் நெளிந்திருந்தால் அது வேறு கணக்கு. பாலிசி விதியைப் பார்த்து உடனே தகவல் கொடுக்கணும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலியூரிதேன் புஷ் போட்டால் ஆயுள் கூடுமா?
ஆயில், தேய்மானம் ரெண்டையும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் கடினமானது. ரோட்டின் அதிர்வு காருக்குள் கூடுதலாக வரும். சத்தத்தைக் குறைக்க மாற்றும் குடும்பக் காருக்கு கம்பெனி ரப்பர் புஷ்ஷே பொருத்தம்.

கிழிந்த புஷ்ஷோடு எவ்வளவு நாள் ஓட்டலாம்?
லேசான சத்தம், இழுப்பு இல்லை என்றால் மெதுவாக ஓட்டி பட்டறைக்குக் கொண்டுபோகலாம். பிரேக்கில் ஒருபக்கம் இழுத்தாலோ, ஸ்டியரிங் நேராக நிற்காவிட்டாலோ நெடுஞ்சாலையில் ஏற்ற வேண்டாம்.

பழைய கார் வாங்கும்போது இதைப் பார்க்கணுமா?
கண்டிப்பாக. விற்பவர் டயரைப் புதுசாகப் போட்டிருந்தால் தேய்மான அடையாளம் மறைந்திருக்கும். லிஃப்ட்டில் ஏற்றி நெம்பிப் பார்க்காமல் பேரம் முடிக்காதீங்க. வெள்ளத்தில் நின்ற காரா என்பதற்கும் அடிப்பக்கத் துருவும், இடுக்கில் காய்ந்த சேறும் நல்ல சாட்சி.

சிஎன்ஜி கார் என்றால்?
டிக்கியில் சிலிண்டர் எடை எப்போதும் இருப்பதால் பின் பீம் புஷ்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க.

ஆயுளைக் கூட்ட என்ன செய்யலாம்?

• ஸ்பீடு பிரேக்கருக்கு முன்பே பிரேக் அடித்து வேகத்தைக் குறைங்க. அதன் மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுடுங்க. பிரேக்கை மிதித்தபடியே ஏறினால் பின் புஷ்ஷுக்கு ரெட்டை அடி.

• கடற்கரைக்குப் போய்வந்தாலும், தேங்கிய தண்ணீரில் ஓட்டினாலும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்க.

• டயர் காற்றை, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கு வைங்க. காற்று அதிகமானால் ஒவ்வொரு அதிர்வும் நேரடியாக புஷ்ஷுக்குப் போகும்.

• ஒவ்வொரு சர்வீஸிலும் “அடியில புஷ், பால் ஜாயிண்ட் பார்த்து சொல்லுங்க” என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்க. கேட்காவிட்டால் பல இடங்களில் ஆயில் மாற்றுவதோடு முடிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ரோட்டில் பள்ளம் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் காலம் அது. மார்கழியில் குடும்பத்தோடு சிதம்பரம் கிளம்புவதற்கு முன்பாக, செப்டம்பரிலேயே ஒருநாள் காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்க. நெம்பிப் பார்க்க சில நிமிடம்தான் ஆகும். நல்லா இருந்தால் நிம்மதியாகக் கிளம்பலாம். கிழிந்திருந்தால், மழை ரோட்டில் பிரேக் அடிக்கும்போது தெரிய வேண்டிய விஷயம் பட்டறையிலேயே தெரிந்துவிடும்.